ஆறு சென்டிமீட்டர்

"இடது பக்கம் தொங்குது. பாரு. கண்ணு தெரியலையா உனக்கு, யூருன்?"

யூருன் தரையில் மண்டியிட்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே ஐந்து குண்டூசிகள். பதில் சொல்ல முடியாது என்று விரலால் வாயைக் காட்டினாள். இருபத்திரண்டு வருடங்களாக அவளைக் காப்பாற்றிவந்த வழி அது. வாயில் ஊசி வைத்திருப்பவளோடு யாரும் அதிக நேரம் சண்டை போடுவதில்லை.

ராக்னா போட்டாள்.

"மூணாவது தடவை வந்து நிக்கிறேன். போன தடவை கச்சிதமா இருக்குன்னு சொன்னே. அதுக்கு முந்தியும் அதையேதான் சொன்னே. வீட்டுக்குப் போய் மாட்டிக்கிட்டு மாடிப்படி ஏறினா மூட்டை மாதிரி ஆடுது. இதைப் போட்டுக்கிட்டுத்தான் அத்தனை பேர் முன்னாடி நின்னு பேசணுமா நான்?"

நார்வேயின் தேசிய நாளான மே பதினேழுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அன்று காலை நூர்ஹைம்சுன்னில் ஊர்வலம் கிளம்பும். பள்ளிப் பிள்ளைகள், பித்தளை வாத்தியக் குழு, அதன் பின்னால் ஊரே பூனாட் என்னும் மரபுக் கம்பளி உடுப்பில். தேவாலயத்தின் முன்னால் ஊர்வலம் நின்றதும் ஒருவர் மேடையேறிப் பேச வேண்டும். இந்த வருடம் ராக்னா. அறுபத்து மூன்று வயது. தபால் நிலையத்தை மூடும்வரை அதன் தலைவியாக இருந்தவள். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது முழுக்கத் தெரிந்தும் ஒரு வார்த்தை வெளியே விடாதவள் என்று பெயர் வாங்கியவள். மற்ற எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடுவாள்.

யூருன் எழுந்து ராக்னாவின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். எண்ணைப் பார்த்தாள். டேப்பைத் தளர்த்தி மறுபடி சுற்றினாள். அதே எண்.

"எவ்வளவு?"

யாரும் இதைக் கேட்பதில்லை. ராக்னா கேட்டாள். யூருன் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"கொஞ்சம்தான். கம்பளி வெயிலுக்கு ஒரு மாதிரி இருக்கும், குளிருக்கு ஒரு மாதிரி இருக்கும். பக்கத் தையல்ல இன்னொரு விரல் பிடிச்சிடறேன்."

"முதல்லயே ஒழுங்காப் பிடிச்சிருந்தா கம்பளி மேல பழி போட வேண்டியதில்ல."

"ஆமா. உன்னை மூணு தடவை நடக்க வச்சிட்டேன். தப்புதான். காப்பி போடட்டுமா?"

"காப்பி வேண்டாம். தண்ணி குடு."

ராக்னா நின்றபடியே ஒரு கோப்பைத் தண்ணீரைக் குடித்து, கோப்பையை நீட்டி இன்னொன்று வாங்கிக் குடித்தாள். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள். கதவைச் சாத்தும்போது மணி இரண்டு தடவை அடித்தது, அவ்வளவு வேகம்.

யூருன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். ஏப்ரல் ஏழு, இடுப்பு தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். ஏப்ரல் இருபது, தொண்ணூற்று நான்கு. அதன் கீழே பென்சிலால் எழுதினாள்: மே ஆறு, தொண்ணூற்றிரண்டு. சீட்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி பார்த்தாள்.

ஈஸ்டர் முடிந்த மறுநாளிலிருந்து அவள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள். "அலமாரியிலயே சுருங்கிப்போச்சு." ஒரு வருடமாக அலமாரியில் தொங்கிய உடுப்பு. போன மேயில் கொக்கி மாட்டியது, இந்த மேயில் மாட்டவில்லை. சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலர் நம்பிச் சொல்வார்கள். யூருன் இரண்டு வகையினருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "நம்ம ஊர் அலமாரியெல்லாம் அப்படித்தான்." பிறகு பக்கத் தையலைப் பிரிப்பாள். உள்ளே மூன்று விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடக்கும். அதை யாரும் வெட்டுவதில்லை. பிள்ளை பெறுகிறவளுக்கும், பருக்கிறவளுக்கும், பிற்காலத்தில் அதை வாங்கி உடுத்தப்போகும் மகளுக்கும் சேர்த்துத்தான் அந்தத் துணி விடப்படுகிறது. ஒரு விரல் பிரித்துவிட்டால் ஆள் மூச்சு விடுவார். நன்றி சொல்லிப் போவார். எடை, வயிறு, வயது என்ற சொற்கள் கடைக்குள் ஒலிக்காது.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. யூருன் ஆல்விக்கில் பிறந்தவள், உலைத் தொழிலாளியின் மகள். பெர்கன் நகரத்தில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் பதினோரு வருடம் கால்சட்டைகளுக்கு ஓரம் அடித்துவிட்டு இங்கே வந்து கடை வைத்தாள். முதல் வசந்தத்தில் இளம்பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பு உடுப்பைவிட நான்கு விரல் கூடியிருந்தது. யூருன் டேப்பைப் பார்த்துச் சிரித்து, "எப்ப?" என்று கேட்டாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தபடி, "ஆயிடுச்சு. மூணு வாரம் முந்தி. பிள்ளை தங்கல" என்றாள். உடுப்பைக் கழற்றாமலே உடைமாற்றும் திரைக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றாள். யூருன் திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் எண்ணை வாய்விட்டுப் படித்ததில்லை.

கோபக்காரர்களைச் சமாளிப்பது அதைவிட எளிது. அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்பாள். அவர்கள் சொன்னதை அவர்களுடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்வாள். 'ஆனால்' என்று ஆரம்பிக்க மாட்டாள். மூன்று தடவைவரை திருத்தித் தருவாள், முகம் மாறாமல். நான்காவது தடவை கேட்டால் துணியை மடித்துக் கையில் கொடுத்து, அடுத்த ஊரில் இருக்கும் தையல்காரியின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தருவாள். இப்படி அனுப்பியது இருபத்திரண்டு வருடத்தில் இரண்டே பேரை. அதில் ஒருவர் தன் பூனாட் கால்சட்டைக்கு ஜிப் வைக்கச் சொன்னவர். ஊர்வலத்தில் அவசரத்துக்குப் பொத்தான்களோடு போராட முடியவில்லை என்று அவர் விளக்கினார். நியாயமான காரணம்தான். அதற்காக ஜிப் வைக்க முடியாது.

வாரத்தில் மூன்று நாள் எம்பிராய்டரி வேலைக்கு வருகிற ஊட்னி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பூனாட்டின் மார்புத்துணிக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். எழுபது வயது, கைக்கு மட்டும் வயதாகவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"என்னடி, சீட்டையே பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

"நாலு சென்டிமீட்டர் போயிருக்கு. ஒரு மாசத்துல."

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

ஊட்னி மணிகளை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த அலமாரியை எந்தக் கடையில வாங்கினான்னு கேட்டு வை. எனக்கு ஒண்ணு வேணும்."

யூருன் சிரிக்கவில்லை.

"நடக்கறாளோ என்னமோ. மேடையேறப்போறா இல்ல? நாலு பேர் பாக்கறதுக்காகக் குறைச்சிருப்பா."

"குறைச்சிருந்தா சொல்லியிருப்பா. ராக்னா ஒரு கிலோ குறைச்சிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இவ என் தையல் தப்புன்னு சொல்றா. அப்படின்னா இவளுக்கே தெரியல."

ஊட்னி அடுத்த மணியை ஊசியில் ஏற்றினாள்.

அன்று மாலை கடை சாத்திய பிறகு யூருன் தன் டேப்பை மேசையில் விரித்து, இரும்பு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துணி டேப் பழசானால் இழுபடும். இழுபட்டால் எண்ணைக் குறைத்துக் காட்டும். கோளாறு டேப்பில் இருந்துவிட்டால் நல்லது என்று அவள் நினைத்தாள். இருபத்திரண்டு வருடம் தவறாக அளந்ததாக ஆகும், பரவாயில்லை. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. இழுப்பறையிலிருந்த புது டேப்பையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னன. ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. படகுத்துறையில் வெயில் இன்னும் இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அலமாரி சுருக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ராக்னாவின் சிவப்பு மேலுடுப்பைப் பிரித்தாள். பக்கத் தையலுக்குள் துணி கனத்துவிட்டிருந்தது. மூன்று தடவை பிடித்ததில் உள்மடிப்பு ஐந்து விரல் ஆகியிருந்தது. கைவைத்தால் அக்குளுக்குக் கீழே கட்டி போலத் தட்டுப்பட்டது. அந்த நினைப்பு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். பிறகு மறுபடி வைத்துத் தைத்தாள்.

பத்தரை மணிக்கு மருத்துவ நிலையத்துக்குப் போன் செய்தாள். பன்னிரண்டாவது ஆளாக வரிசையில் இருப்பதாக இயந்திரம் சொன்னது. காத்திருந்தாள்.

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

"எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி. ஒரு மாசத்துல ரொம்ப மெலிஞ்சிருக்கா. டாக்டர் ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பார்த்தா..."

"நீங்க அவங்களுக்கு யாரு? அம்மாவா, அக்காவா?"

"தையல்காரி."



"அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க. நாங்க யாரையும் அப்படிக் கூப்பிட்டு வரச் சொல்ல முடியாது."

"அவ கூப்பிட மாட்டா."

"அப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இனிய வார இறுதி."

சனிக்கிழமை கடைத்தெருவில், காலிப் புட்டிகளைப் போட்டால் காசு திரும்பத் தரும் இயந்திரத்துக்கு யூருன் போனாள். அவளுக்கு முன்னால் இரண்டு பை நிறையப் புட்டிகளோடு ஐவின் நின்றிருந்தான். ராக்னாவின் கணவன். படகில் இயந்திரம் பார்க்கிறவன், பேச்சு குறைவு. வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று யூருனுக்குத் தெரிந்தது.

"ராக்னா எப்படி இருக்கா?"

"பேச்சு எழுதறா. பதினாலு தடவை எழுதிட்டா. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு, நானே பேசிடலாம்." அவன் ஒரு புட்டியை உள்ளே போட்டான். இயந்திரம் அதை விழுங்கியது. "உன் மேல கோவமா இருக்கா."

"தெரியும்."

"பெரிசா எடுத்துக்காத. இந்த ரெண்டு மாசமா எல்லார் மேலயும் கோவம்தான். சுவர் மேலகூட."

"நல்லாச் சாப்பிடறாளா?"

ஐவின் திரும்பிப் பார்த்தான். இந்த ஊரில் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி இன்னொருவர் கேட்பதில்லை. அவன் முகத்தில் வருத்தம் இல்லை, கதவு சாத்தியதுபோல ஏதோ ஒன்று இருந்தது.

"சாப்பிடறா. எதுக்குக் கேக்கறே?"

யூருன் சொல்ல வாயெடுத்தாள். நான்கு சென்டிமீட்டர் என்று மட்டும் சொன்னால் போதும். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இன்னொருவர் வரிசையில் வந்து நின்றார். ராக்னாவோடு ஊர்வலக் குழுவில் இருப்பவர். மூன்று பேரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

"சும்மாதான்" என்றாள் யூருன். "உடுப்பு முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு. திங்கக்கிழமை வரச் சொல்லு."

வீட்டுக்குப் போகும் வழியில் தன்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள். எல்லாம் சேர்ந்தால்கூட ஒரு வாக்கியம்தான். ஊசி வைத்திருந்தால் வாயைத் திறக்க முடியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று வாயில் ஊசியும் இல்லை. ஞாயிறு முழுக்க அந்த வாக்கியத்தைத் தோட்டத்தில் நின்று சொல்லிப் பார்த்தாள். "ராக்னா, நீ மெலிஞ்சிருக்கே." நல்ல செய்திபோல இருந்தது. "ராக்னா, உன் உடம்பு சரியில்லன்னு நினைக்கிறேன்." நினைக்க இவள் யார் என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை வேலியில் உட்கார்ந்து கேட்டது. ஒருவேளை ராக்னா உண்மையிலேயே நடக்கிறாளோ, உண்மையிலேயே பட்டினி கிடக்கிறாளோ, அவமானத்தில் சொல்லவில்லையோ. அப்படியானால் இன்னொரு பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்ததாக ஆகும். சொல்லாமல் விட்டு, ஆகஸ்டில் தேவாலயத்தில் சாவு மணி அடித்தால் அது என்னவாக ஆகும் என்பதையும் நினைத்தாள்.

திங்கள் பத்து மணிக்கு ராக்னா வந்தாள். சலவை செய்து இஸ்திரி போட்ட இடுப்பில் முன்பக்கம் கட்டும் வெள்ளைத் துணியையும் எடுத்து வந்திருந்தாள், எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்க்க. அதை நாற்காலியின் முதுகில் போட்டாள். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடமாக இந்தக் கடைக்கு வருகிறவள், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கேட்டாள். குடித்தாள். இன்னும் கேட்டாள்.

உள்ளே ஊட்னியைத் தவிர இன்னொருவரும் இருந்தார். தச்சு வேலை செய்கிற பெரிய உடம்புக்காரர், மடியில் தன் கம்பளிக் கால்சட்டையை வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார்.

மேலுடுப்பைப் போட்டு முன்கொக்கியை மாட்டியதும் யூருனுக்குத் தெரிந்துவிட்டது. ராக்னாவுக்குத் தெரிய இன்னும் ஒரு கணம் ஆனது. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். இடுப்புப் பக்கத்தில் இரண்டு விரலை விட்டாள். விரல்கள் தாராளமாகப் போயின.

"வேணும்னே பண்றியா?"

குரல் பெரிதாக இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

யூருன் வாயில் ஊசிகளோடு நாற்காலியைக் காட்டினாள்.

"உக்கார மாட்டேன். நாலு தடவை. நாலு! நான் என்ன பொம்மையா, நீ குத்திக் குத்திப் பழகறதுக்கு? ஊர்வலக் குழுவுல முப்பது பேர் இருக்காங்க, அத்தனை பேரையும் நான்தான் உன்கிட்ட அனுப்பறேன். அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்? யூருனுக்குக் கை நடுங்குதுன்னு சொல்லட்டுமா? பத்திரிகைக்கு எழுதட்டுமா?"

எழுதுவாள். ஒரு தடவை பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சைப் பற்றி எழுதி, மூன்று வாரம் ஊர்ப் பத்திரிகையில் விவாதம் நடந்தது.

யூருன் டேப்பை எடுத்துச் சுற்றினாள். தொண்ணூறு. பென்சிலால் சீட்டில் எழுதினாள். இந்த முறை மடிக்கவில்லை. வாயில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காந்தத் தட்டில் போட்டாள். சீட்டை ராக்னாவின் முன்னால் நீட்டினாள்.

"இது என்ன?"

"தேதியும் அளவும். உடுப்போட அளவில்ல. உன்னோடது. அஞ்சு வாரத்துல ஆறு சென்டிமீட்டர். அதுல ரெண்டு இந்த அஞ்சு நாள்ல."

ராக்னா பார்த்தாள். வாழ்நாள் முழுக்க எண்களைப் பார்த்து வேலை செய்தவள், இரண்டு தடவை பார்க்க வேண்டியதில்லை.

"உன் டேப்பு தப்பு."

"இரும்பு அளவுகோல் வச்சுப் பார்த்தேன். புது டேப்பு வச்சுப் பார்த்தேன்."

"நான் நல்லாச் சாப்பிடறேன். ஐவினைவிட அதிகமாச் சாப்பிடறேன். நடுச்சாமத்துல எழுந்துகூடச் சாப்பிடறேன்."

"அதனாலதான் சொல்றேன்."

"என்ன சொல்றே?"

"டாக்டர்கிட்ட போ. இன்னைக்கே போன் பண்ணு."

தச்சர் தன் கால்சட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஊட்னியின் ஊசி நின்றுவிட்டது.

"நீ டாக்டரா?"

"இல்ல."

"நர்ஸா?"

"இல்ல."

"அப்ப உன் வேலையைப் பாரு. ஊசி நூல எடு. ரெண்டு விரல் பிடி. ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு உடுப்பு வேணும்."

யூருன் கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"பிடிக்க மாட்டேன். நான் ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் உனக்குத் தெரியாமப் போகுது. கச்சிதமா இருக்குன்னு நீயும் போயிடறே, நானும் விட்டுடறேன். மூணு தடவை செஞ்சிட்டேன். அதுதான் நான் பண்ணின தப்பு. இனிமே ஒரு தையல்கூடப் போட மாட்டேன்."

"என்னைக் கடையை விட்டு அனுப்பறே."

"ஆமா. அடுத்த ஊர்க்காரி பேரு எழுதித் தரேன். நல்லாத் தைப்பா. நான் போன் பண்ணி அளவெல்லாம் சொல்றேன். அவகிட்டயும் இதேதான் சொல்வேன்."

"பத்தொன்பது வருஷம்" என்றாள் ராக்னா.

"பத்தொன்பது வருஷமா உன் இடுப்பு எனக்குத் தெரியும். அதனாலதான்."

ராக்னா கொக்கிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது கொக்கி சிக்கியது. யூருன் உதவக் கையை நீட்டினாள். ராக்னா அந்தக் கையைத் தட்டிவிட்டாள், ஓங்கி அல்ல, ஈயை விரட்டுவதுபோல. திரைக்குப் பின்னால் போய்ச் சொந்த உடையை மாட்டிக்கொண்டு வந்தாள். சட்டை தோளில் தொங்கியது. இப்போது மற்ற இருவரும்கூட அதைப் பார்த்தார்கள். மேலுடுப்பைப் பைக்குள் திணித்தாள், மடிக்காமல்.

"இந்த உடுப்பு இனிமே உன் கைக்கு வராது. என் பொண்ணு பண்டிகைக்குத் தைச்சாலும் இங்க வர மாட்டா. உன் யோசனையை நீயே வச்சுக்கோ."

"சரி."

"சரியாம்!"

கதவு மணி அடித்தது. அவள் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது. யூருன் ஜன்னல் கண்ணாடியின் வழியாகத் தெருவைப் பார்த்தாள். ராக்னா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள், பை மடியில் இருந்தது, சாவியைத் தேடுகிறாளா என்று தெரியவில்லை. நான்கைந்து நிமிடம். பிறகு வண்டி போயிற்று. எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பேருந்து ஒன்று மறைத்துவிட்டது.

தச்சர் தொண்டையைச் செருமினார்.

"என்னோடது... நிஜமாவே அலமாரிதான்" என்றார் மெதுவாக.

ஊட்னி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் நிறுத்த முடியவில்லை. தச்சரும் தைரியம் வந்து சிரித்தார். யூருன் அவருடைய கால்சட்டையை வாங்கி, உள்மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஆமா. நம்ம ஊர் அலமாரியெல்லாம் அப்படித்தான். ரெண்டு விரல் பிரிச்சுவிடறேன். புதன்கிழமை வாங்க."

அவர் போனதும் யூருன் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். ஊட்னி காப்பி போட்டுக் கொண்டுவந்து திரைக்குக் கீழே தரையில் வைத்தாள்.

"சரியாத்தான் சொன்னே."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ஒரு வாடிக்கைக்காரி போச்சு. போய்த் தொலையட்டும்."

"சரியா இருந்தா?"

ஊட்னி தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. யூருன் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தாள். லேசான தூறல். ஊட்னிக்கு அன்று விடுப்பு. மதியத்துக்குள் ஏழு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் உடுப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். போன் நான்கு தடவை அடித்தது. நான்கும் வேறு ஆட்கள். அடுத்த ஊர்த் தையல்காரி கூப்பிடவில்லை. யூருன் ரொட்டியைச் சாப்பிட்டாள், பாதியை வைத்துவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு ஐவின் வந்தான். வேலை உடுப்பில் இருந்தான். ராக்னா நாற்காலியில் விட்டுப்போன வெள்ளைத் துணியை வாங்கிப்போக வந்ததாகச் சொன்னான். யூருன் அதை மடித்து ஒரு தாள் பையில் போட்டுக் கொடுத்தாள். காலையில் டாக்டரிடம் போனார்கள் என்றும், இரத்தம் எடுத்தார்கள் என்றும், முடிவைச் சொல்ல நாளை காலை எட்டு மணிக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், கூட ஒருவர் வர வேண்டும் என்று சொன்னார்கள் என்றும் சொன்னான். அளவு எழுதிய சீட்டு இருந்தால் டாக்டர் கேட்பார் போலிருக்கிறது என்றான். யூருன் அதை ஒரு தாளில் படியெடுத்துக் கொடுத்தாள். ராக்னா இங்கே அவனை வர வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்றும் சொன்னான். பேச்சை வேறு யாரிடமாவது கொடுப்பதா என்று ஊர்வலக் குழு வியாழக்கிழமை முடிவுசெய்யும். அவன் போய்விட்டான்.

பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திக்குக் கொக்கி, ஒருவருக்கு ஓரம். ஐந்தரைக்கு யூருன் இயந்திரத்தின் மேல் உறையைப் போட்டு, விளக்கை அணைத்து, கடையைப் பூட்டினாள்.